பெரிய சார் தப்பாகக் கூட்டிய வருஷம்

மக்கா,

உன் அம்மைக்கு எத்தனை வயது என்று யாராவது கேட்டால் நீ என்ன சொல்வாய்? "அம்பது இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனை நோண்டப் போய்விடுவாய். உன்னைக் குறை சொல்லவில்லை, எனக்கே அது சரியாகத் தெரியாது. தெரியாமலே இத்தனை நாள் ஓட்டிவிட்டேன். இப்போது அந்த ஒரு கேள்வியில்தான் என் காரியம் முழுவதும் தொங்கிக்கொண்டு நிற்கிறது. ஆஸ்பத்திரியில் டியூட்டி முடிந்து வந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுதத் தொடங்கி இதற்குள் நாலு தடவை எழுந்தாயிற்று. ஒரு தடவை அடுப்பைப் பார்க்க, ஒரு தடவை மழை பிடித்துவிட்டதா என்று பார்க்க, மற்ற இரண்டு தடவை எதற்கென்றே தெரியவில்லை. சும்மா வாசல்வரை போய்விட்டு வந்தேன். உன் அப்பா பார்த்துவிட்டு, "என்னட்டி, கால்ல வெந்நிய விட்டுட்டா நிக்குத?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

சித்திரை விஷுவுக்கு நீ பெங்களூரிலிருந்து வந்து, மறுநாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிப் போன பிறகு நாம் இரண்டு பேரும் ஒழுங்காகப் பேசவில்லை. நான் "சாப்டியா" என்று அனுப்புகிறேன், நீ "ம்" என்று அனுப்புகிறாய். மூன்று மாதமாக இதே கதை. சண்டை என்றால் சண்டை போடலாம். இது என்ன எளவு என்றே எனக்குப் பிடிபடவில்லை. அதனால் அன்று நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். நீ ஒரு மாதிரி நினைத்திருப்பாய், நான் ஒரு மாதிரி நினைத்திருப்பேன்.

கனி கண்டு, கைநீட்டக் காசு வாங்கி, மத்தியானம் அடைப்பிரதமன் பாயசம் வரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. அதன்பிறகு நீ தண்ணீர் எடுக்கப் போனபோது ஃப்ரிட்ஜின் மேல் இருந்த என் நோட்டைப் பார்த்தாய். ஜெர்மன் வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்திருந்தேன். நீ அதை எடுத்து, கூடத்தில் நின்று, ஒவ்வொரு வார்த்தையாக வாசித்துச் சிரித்தாய். வந்திருந்த உன் சித்தியும் சிரித்தாள். நானும் சிரித்தேன், அதைச் சொல்ல வேண்டும். அதோடு விட்டிருக்கலாம். நீ அதைப் படம் பிடித்து, நம் சொந்தக்காரர்கள் எழுபது பேர் இருக்கிற குரூப்பில், "எங்க வீட்டு பூமர் ஜெர்மன் படிக்குது" என்று போட்டாய். கூடவே கண்ணீர் வரச் சிரிக்கிற அஞ்சு பொம்மை. ஒரு நிமிஷத்தில் ஆள் ஆளுக்கு வந்துவிட்டார்கள். ஒருத்தர், "வயசான காலத்துல இது என்ன கூத்து, ஆதிகேசவன் கோயில்ல போயி நாலு சுத்து சுத்துனாப் போராதா" என்று எழுதினார். அவர் எனக்கு ஆறு வயது மூத்தவர், கேட்டியா. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. உன் சித்தியை வைத்துக்கொண்டே நான் சொன்னேன்: "நாலு மாசத்துல வேலைய விட்டுட்டு ஓடி வந்தவனாக்கும் என்னைச் சொல்ல வந்திருக்கான். இப்பத்த பிள்ளையளுக்கு நிமிந்து நிக்க நட்டெல்லு உண்டுமா?"

நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். "பாத்தியா, இதத்தான் பூமர்னு சொல்லுவாங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு மாடிக்குப் போனாய். காலையில் உன் பை இல்லை.

உனக்கு அன்று தெரியாத ஒன்று உண்டு. அந்த நோட்டு பழைய நோட்டு. நான் அதற்கு முன்பே, தை மாதத்திலேயே, பரீட்சை பாஸாகிவிட்டேன். முதல் தடவை தோற்று, இரண்டாம் தடவை ஜெயித்தேன். ஒன்றரை வருஷமாக டியூட்டி இல்லாத நேரத்தில் எல்லாம் திருவட்டாற்றிலிருந்து மார்த்தாண்டத்துக்கு பஸ் ஏறி, ஒரு பேக்கரி மாடியில் நடக்கிற வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். உன் அப்பாவுக்கு மட்டும் தெரியும். விசா கையில் வரட்டும், பிறகு உன்னிடம் சொல்லி உன் முகம் போகிற போக்கைப் பார்க்கலாம் என்று ஆசையாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த ஆசையில் நீ மண்ணைப் போட்டாய், நானும் என் பங்குக்கு ஒரு கூடை மண் போட்டேன்.

பூமர் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குச் சரியாகத் தெரியாது. கிழவி என்பதைத்தான் ஸ்டைலாகச் சொல்கிறீர்கள் என்று நினைத்திருந்தேன். அடுத்த சனிக்கிழமை ஜெர்மன் பேச்சுப் பழக்கத்துக்குப் போனபோது அனிஷாவிடம் கேட்டேன். அனிஷா குளச்சல் பக்கத்துப் பிள்ளை, அப்பா கடலுக்குப் போகிறவர். உன்னைவிட ஒரு வயது இளையவள். முதல் நாள் என்னை ஆண்ட்டி என்றாள், இரண்டாம் வாரம் அக்கா ஆக்கிவிட்டாள், பரீட்சையில் நான் தோற்ற அன்று என்னோடு சேர்ந்து அழுதாள். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "யக்கா, ஒங்க மோனுக்கு ஒரு எளவும் தெரியாது. பூமர்னா லோகயுத்தம் முடிஞ்ச பெறவு பெறந்த ஆளுவ. நாம போயி குளிப்பாட்டப் போற ஆளுவளாக்கும் அசல் பூமர்" என்றாள். ஏனென்றால் எங்களுக்கு ஜெர்மனியில் கிடைத்திருப்பது முதியோர் இல்லத்து வேலை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு அவள் போனில் ஒரு பட்டியலை எடுத்துக் காட்டினாள். எண்பது வரைக்கும் பிறந்தால் ஒரு பெயர், ஜென் எக்ஸ். எண்பத்தொன்றிலிருந்து வேறு பெயர், மில்லேனியல். "நீங்க எந்த வருஷம்?" என்று கேட்டாள்.

"ரெண்டும்தான் மக்களே" என்றேன்.

இதை நான் உனக்கு ஒருநாளும் விவரமாகச் சொன்னதில்லை. என்னை அஞ்சுகிராமத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க என் அப்பா கூட்டிக்கொண்டு போனபோது கையில் பிறப்புச் சான்றிதழ் எதுவும் கிடையாது. ஜாதகக் குறிப்புதான் இருந்தது. அதில் நம் ஊர் வழக்கப்படி கொல்லம் ஆண்டுதான் போட்டிருக்கும். கொல்லம் ஆண்டோடு எண்ணூற்றி இருபத்தைந்தைக் கூட்டினால் இங்கிலீஷ் வருஷம் வரும் என்பது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் கொல்லத்துக்கு ஆவணியில் புதுவருஷம் பிறக்கிறது. ஆவணியிலிருந்து மார்கழிப் பாதி வரைக்கும் பிறந்த பிள்ளைகளுக்கு எண்ணூற்றி இருபத்துநாலுதான் கூட்ட வேண்டும். நான் ஆவணிக்காரி. ஹெட்மாஸ்டரை நாங்கள் பெரிய சார் என்றுதான் சொல்வோம். அந்தப் பெரிய சார் வரிசையில் நின்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் போல எனக்கும் வாய்க்கணக்காக இருபத்தைந்தைக் கூட்டிவிட்டார். எண்பதில் பிறந்தவள் எண்பத்தொன்றுக்குப் போய்விட்டேன். பத்தாம் வகுப்பு சான்றிதழ் வந்தபோதுதான் அப்பா கண்டுபிடித்தார். மாற்றலாமா என்று அம்மா கேட்டதற்கு அப்பா, "ஒரு வயசு கொறஞ்சா என்னவாம்? பொம்பளப் பிள்ளையாக்கும், கெடக்கட்டு" என்று சொல்லிவிட்டார். அப்படியே கிடந்துவிட்டது. கல்யாணத்துக்கு ஜாதக வயது, ஆதாருக்குச் சான்றிதழ் வயது. வகுப்பில் ஒருநாள் ஒவ்வொருவராக எழுந்து வயதை ஜெர்மனில் சொல்லச் சொன்னார்கள். அவர்கள் நாற்பத்தைந்து என்று சொல்ல மாட்டார்கள், ஐந்தும் நாற்பதும் என்று திருப்பிச் சொல்வார்கள். நான் எழுந்து நின்று ஐந்தா நாலா என்று யோசித்துக்கொண்டே நின்றேன். எனக்கு எண் தெரியவில்லை என்று நினைத்து டீச்சர் பாவப்பட்டு என்னை உட்கார வைத்துவிட்டாள்.

சிரிக்காதே, இதில் எனக்கு ஒரு எரிச்சல் உண்டு. என்னோடு பத்தாம் வகுப்பு படித்தவர்களின் குரூப்பில் காலையும் மாலையும் தேன் மிட்டாய்ப் படமும் கேசட் படமும் போட்டு, நாம்தான் கடைசி சந்தோஷத் தலைமுறை என்று எழுதுகிறார்கள். இருதயப் படம் பறக்கிறது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்தக் காலத்தில் மழையில் ஒழுகுகிற கூரையும், மாதத்தில் மூன்று நாள் பள்ளிக்கூடத்துக்குப் போக முடியாத கஷ்டமும்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. யாராவது என்னைப் பிடித்து அந்தக் காலத்துக்குத் திருப்பி அனுப்பினால் நான் வழியிலேயே இறங்கி ஓடிவிடுவேன். சரி, உன் வயதுக்காரர்களோடு சேரலாம் என்று பார்த்தால், வகுப்பில் அவர்கள் ரீல்ஸ் எடுக்கும்போது "அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்கிறார்கள். உன் பள்ளிக்கூடத்து அம்மாக்கள் கூட்டத்தில் நான்தான் வயதில் குறைந்தவள், என்னை யாரும் ஆளாக மதிக்கவில்லை. அஞ்சுகிராமத்திலிருந்து திருவட்டாற்றுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோதும் இதே பாடுதான். என் பேச்சைக் கேட்டு இங்கே பாண்டிக்காரி என்றார்கள். ஆறு மாதம் கழித்து ஊருக்குப் போனால், அங்கே என்னை மலையாளத்தி என்று சொல்லிச் சிரித்தார்கள். சவத்த விடு, நான் எங்கேயும் சேர்த்தி இல்லை என்று விட்டுவிட்டேன். ஆனால் உன் வாயிலிருந்து வந்தபோது விட முடியவில்லை.

இனி என் பக்கத்துத் தப்பு. நீ போன பிறகு உன் அப்பா இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், தோட்டத்தில் வாழைக்கு மண் அணைத்துக்கொண்டே சொன்னார். நீ நாலு மாதத்தில் விட்ட அந்த முதல் கம்பெனியில் உன் மேனேஜர், மீட்டிங்கில் நீ பேசி முடித்ததும் நீ பேசியதை அப்படியே இழுத்து இழுத்துப் பாடிக் காட்டுவானாமே. மலையாளியா தமிழனா என்று எல்லாரையும் வைத்துக் கேட்பானாமே. சிரிப்பார்களாமே. நீ பிறகு வாயே திறக்காமல் இருந்தாயாம், வாயைத் திறக்காதவன் வேலை தெரியாதவன் என்று எழுதிவிட்டார்களாம். இதை நீ உன் அப்பாவிடம் போனில் சொல்லியிருக்கிறாய். வீட்டில் உன்னைப் பெற்றவள் ஒருத்தி இருந்தேன், என்னிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். நீ இரண்டு பையோடு வந்து இறங்கிய அன்று நான் கேட்ட முதல் கேள்வி, "ஊருல கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்?" என்பதுதான். நீ இரண்டு நாள் தூங்கினாய். கன்னம் ஒட்டிப்போய்க் கிடந்தது. தினமும் முப்பது பேருடைய கையைப் பிடித்து நாடி பார்க்கிறவள் நான், உன் கையைப் பிடித்துப் பார்க்கவில்லை. வந்தவர்கள் போனவர்களிடம் எல்லாம், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை கிடையாது என்று நீட்டி முழக்கினேன். பாண்டிக்காரி என்று கேட்டுக் கேட்டு அடுக்களையில் நின்று அழுதவளுக்கு அதுகூடப் புரியாமல் போய்விட்டது. உன் தலையில் முதலில் பெயரை ஒட்டியவள் நான்தான், மக்கா. நீ திருப்பி ஒட்டினாய், அவ்வளவுதான்.

இன்னொன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இவ்வளவு நேரம் எழுந்து எழுந்து நடந்தேன் என்று நினைக்கிறேன்.

நான் நர்சிங் முடித்த வருஷம் எங்கள் வகுப்பிலிருந்து ஏழு பேரை டெல்லியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்தார்கள். அதில் நானும் ஒருத்தி. நாகர்கோவில் ஸ்டேஷனிலிருந்து ரயில். பெட்டி கட்டியாயிற்று, அம்மா முறுக்கு சுட்டு டின்னில் போட்டுவிட்டாள். கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் கட்டின பெட்டியைத் திறந்து துணிகளை எல்லாம் வெளியே எடுத்துவிட்டேன். ஹிந்தி தெரியாது, குளிர் தெரியாது, ஒருத்தரையும் தெரியாது. பயம். வேறு ஒன்றுமே இல்லை, வெறும் பயம். அப்பாவிடம் போய், "நான் போகல்லப்பா" என்றேன். அப்பா சொன்னார், "செரி. ஆனா பயந்துட்டேன்னு யார்ட்டயும் பறையாத, ஒனக்கு நாணக்கேடு. அப்பா விடமாட்டேன்னு சொல்லிட்டாருன்னு சொல்லு. நான் பாத்துக்கிடுதேன்." அப்படியே சொன்னேன். மற்ற ஆறு பேரும் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சண்டை போட்டார்கள். நல்ல பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுக்கிறீர்கள் என்று ஒருத்தி முகத்துக்கு நேரே கேட்டாள். அப்பா வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நான் உள்ளே கதவுக்குப் பின்னால் நின்றேன். ஸ்டேஷனுக்குக்கூட நான் போகவில்லை. அப்பா சாகும்வரைக்கும் அந்தப் பழியைச் சுமந்தார். மகளை வேலைக்கு விடாத பழைய காலத்து மனுஷன் என்று ஊரே சொன்னது. நானும் கூடச் சேர்ந்து சொன்னேன்.

அப்பா போன பிறகு எனக்குப் பழி போட வேறு ஆள் தேவைப்பட்டது. உன் அப்பாவைச் சொல்லிப் பார்த்தேன், அவர் மஸ்கட்டில் ஒயரிங் வேலையில் கிடந்தார், அவரைச் சொல்லி எடுபடவில்லை. அப்புறம் நீ இருந்தாய். எட்டாம் வகுப்பில் நீ கணக்கில் இருபத்தெட்டு மார்க் வாங்கி வந்த அன்று நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். "ஒனக்காக டெல்லி வேலைய விட்டவளாக்கும் நான். நீ எனக்கு இருபத்தெட்டு கொண்டுட்டு வாற." மக்கா, அந்த ரயில் போனபோது நீ பிறக்கவே இல்லை. எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. நீ ஒருநாளும் வருஷத்தைக் கூட்டிக் கழித்துப் பார்க்கவில்லை. அம்மை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டாய். அந்த வருஷம் என் பிறந்தநாளுக்கு நீ ஒரு அட்டை செய்து தந்தாய். ஸ்கெட்ச் பேனாவில் ஒரு ரயில் வரைந்து, "அம்மா, நான் பெரிய ஆளானதும் உன்னை டெல்லிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று எழுதியிருந்தாய். நான் அதை வாங்கி நெஞ்சோடு வைத்து அழுதேன். பாசத்தில் அழுகிறேன் என்று நினைத்தாய். வெட்கத்தில் அழுதேன். அதற்குப் பிறகாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நீ காலேஜ் சேர்ந்தபோது, வேலைக்குச் சேர்ந்தபோது, வேலையை விட்டபோது எல்லாம் அதே பல்லவியைப் பாடினேன். என்னால் அம்மையின் வாழ்க்கை போயிற்று என்று ஒரு பாரத்தை நீ சும்மா சுமந்திருக்கிறாய். இறக்கி வை. அது உன்னுடையது இல்லை. என்னை மன்னிப்பாயா மாட்டாயா என்று கேட்டு உன்னைத் தொந்தரவு செய்யவில்லை. தெரிந்துகொள், அது போதும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பா உன்னிடம் சொல்லியிருப்பார், நீயும் பதில் சொல்லியிருக்கிறாய். "அம்மைக்கு இந்த வயசுல இது என்னத்துக்கு? நாளைக்கு எனக்குப் பொண்ணு பாக்கப் போனா, அம்மை எங்கன்னு கேப்பாங்கல்லியா?" என்று கேட்டாயாம். கேட்டால் சொல்லு, ஜெர்மனியில நர்சாக்கும் என்று சொல்லு. அதைக் கேட்டு முகம் சுளிக்கிற வீட்டில் பெண் எடுக்காதே, அந்தப் பெண்ணும் நாளைக்கு ஒரு கதவுக்குப் பின்னால்தான் நிற்பாள். நான் இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் போகிறேன். உன் கல்யாணம் கூடி வந்தால் லீவு போட்டு வருவேன், பந்தியில் பாயசம் நான்தான் விளம்புவேன். உன் அப்பாவின் சம்மதத்தைப் பற்றிக் கவலைப்படாதே. முதுகுவலியோடு போன வருஷம் மஸ்கட்டை முடித்துக்கொண்டு வந்த மனுஷன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இருவத்திரண்டு வருஷம் நான் அங்கேருந்து சாப்டியா சாப்டியான்னு கேட்டேன். இனி நீ அங்கேருந்து கேளு, நான் இஞ்ச இருந்து சாப்பிடுதேன்." அவருக்கு மீன்கறி வைக்க வந்துவிட்டது. அவியலுக்கு மட்டும் இன்னும் தேங்காயைக் கணக்கில்லாமல் போடுகிறார். நீ வரும்போது அதைச் சொல்லிச் சிரிக்காதே, தின்றுவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லு.

ஆடி கடைசியில் திருவனந்தபுரத்திலிருந்து விமானம். ஆடியில் யாராவது புதுக்காரியத்துக்குக் காலெடுத்து வைப்பார்களா என்று உன் சித்தி கேட்டாள். ஆவணி பிறக்கும்வரை காத்திருந்தால் என் காரியம் கெட்டுவிடும். நாற்பத்தைந்து நிறையும் முன்னால் அங்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று ஏஜென்சியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஜாதகப்படி எனக்கு நாற்பத்தைந்து போன ஆவணியிலேயே நிறைந்துவிட்டது. பாஸ்போர்ட்படி இந்த ஆவணியில்தான் நிறைகிறது. பெரிய சார் அன்றைக்குச் சரியாகக் கூட்டியிருந்தால் நான் இப்போது வீட்டில் இருந்து தேன் மிட்டாய்ப் படத்துக்கு இருதயம் போட்டுக்கொண்டிருப்பேன். இது சரியா தப்பா என்று இரண்டு நாள் என் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அப்புறம் தெளிந்துவிட்டேன். சான்றிதழில் உள்ள வயதை வைத்துத்தான் படித்தேன், ஓட்டுப் போட்டேன், வேலை பார்த்தேன். அந்த ஒரு வருஷம் மட்டும் யாருக்கும் பயன்படாமல் இத்தனை நாள் கிடந்தது. அப்பாவுக்கும் உன் அப்பாவுக்கும் உனக்கும் ஆன வருஷங்கள் எல்லாம் போக, எண்பதிலும் சேராமல் எண்பத்தொன்றிலும் சேராமல் எனக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான். அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

பயமாக இருக்கிறது, மக்கா. நேற்று பெட்டியில் சட்டைகளை வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். அங்கே குளிர் எப்படி இருக்கும் என்று யாரிடமும் கேட்கவில்லை, கேட்டால் போகமாட்டேன். இந்தத் தடவை பயம் என் பயமாகவே இருக்கட்டும். விடமாட்டேன் என்று சொல்லி என்னைக் காப்பாற்ற அப்பாவும் இல்லை. உன்னைச் சொல்லி ஒளிவது இன்றோடு நின்றது. நீயும் எதற்காவது பயந்தால் பயந்தேன் என்றே சொல்லு. என்னைச் சொல்லாதே, உன் தலைமுறையைச் சொல்லாதே. பயந்தவனைப் பார்த்து இந்த அம்மை இனிச் சிரிக்கமாட்டாள்.

உன் ரயில் அட்டை என் சான்றிதழ்களோடு அதே கவரில்தான் இருக்கிறது. விசாவுக்குப் போனபோது அங்கிருந்த பெண் எல்லாவற்றையும் புரட்டி, இது என்ன என்று கேட்டாள். என் மகன் தந்தது என்றேன். திருப்பித் தந்துவிட்டாள். பெரிய ஆளானதும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். டெல்லிக்கெல்லாம் வேண்டாம். திருவனந்தபுரம் வரைக்கும் வந்தால் போதும், மிச்ச தூரம் நான் போய்க்கொள்வேன்.

உன் அம்மை